விலை இறங்கிய கார், விலை இறங்காத உதிரிபாகம்: வாசகர் கேள்வி பதில்

பழைய கார் வாங்குவது குறித்து இரண்டு இதழ்களுக்கு முன் எழுதியதைத் தொடர்ந்து வந்த கடிதங்களில், சாதாரணக் கார்களை விட்டுவிட்டு, நானூறு குதிரைத்திறனை நெருங்கும் அதிவேகச் சொகுசுக் கார்களைப் பற்றிக் கேட்டவர்களே அதிகம். அவர்களில் பலர் கன்னியாகுமரி மாவட்டத்தவர். நானும் அங்கே பட்டறை நடத்துகிறவன் என்பதால், இம்முறை அந்தக் கடிதங்களுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: 2021-இல் பதிவான பி.எம்.டபிள்யூ. எம்340ஐ ஒன்று, 48,000 கிலோமீட்டர் ஓடியது, புது விலையில் ஏறக்குறையப் பாதிக்குக் கிடைக்கிறது. என் கையில் இருக்கும் பணமும் சரியாக அவ்வளவுதான். வாங்கலாமா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: காரைப் பற்றி எனக்குத் தயக்கமில்லை. கையில் இருக்கும் பணம் சரியாக அவ்வளவுதான் என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் என்னை யோசிக்க வைக்கிறது. 2021 மார்ச்சில் அறிமுகமானபோது இந்தக் காரின் ஷோரூம் விலை ஏறக்குறைய 63 லட்சம் ரூபாய். 3 லிட்டர், ஆறு சிலிண்டர், 387 குதிரைத்திறன். நின்ற இடத்திலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்தை 4.4 விநாடியில் எட்டும். இன்று அது பாதி விலைக்கு வந்துவிட்டது என்பதற்காக அதன் பிரேக் டிஸ்க்கோ டர்போவோ முகப்பு விளக்கோ பாதி விலைக்கு வரப்போவதில்லை. சென்னை ஆலையில் பூட்டப்பட்ட கார் என்றாலும் உதிரிபாகம் எல்லாம் 63 லட்ச ரூபாய்க் காருக்குரிய விலையிலேயே நிற்கும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று நம் வீடுகளில் சொல்வது இந்த வகைக் கார்களுக்கு அப்படியே பொருந்தும்.

ஆகவே காரின் விலையில் ஐந்தில் ஒரு பங்கையாவது தனியே எடுத்து வைக்க முடிந்தால் மட்டும் மேலே போங்கள். முதல் ஆண்டிலேயே நான்கு டயர், பேட்டரி, முன் பிரேக், எல்லா ஆயில்களும் மாற்ற வேண்டி வரலாம். அப்படி வந்தால் அந்தத் தொகையில் பெரும்பகுதி அதற்கே போய்விடும். எடுத்து வைக்க முடியாவிட்டால், ஓராண்டு பொறுத்திருங்கள், அல்லது இதைவிட ஒரு படி குறைந்த காரைப் பாருங்கள்.

பார்க்கப் போகும்போது செய்ய வேண்டியதையும் சொல்கிறேன். விற்பவரிடம் பேச்சைத் தொடங்கும் முன் பானட்டின் மேல் உள்ளங்கையை வையுங்கள். இளஞ்சூடாக இருந்தால் நீங்கள் வருவதற்கு முன்பே ஒருமுறை எஞ்சினை ஓடவிட்டிருக்கிறார்கள் என்று பொருள். மறுநாள் காலையில் வருவதாகச் சொல்லித் திரும்பிவிடுங்கள். ஓர் எஞ்சின் தன் நோயை மறைக்க முடியாத நேரம், இரவு முழுதும் ஆறிக் கிடந்துவிட்டு முதன்முதலில் உயிர் பெறும் அந்த அரை நிமிடம்தான். எஞ்சினுக்குள் வால்வுகளை இயக்கும் செயின் தளர்ந்திருந்தால் அப்போதுதான் கலகலக்கும். டர்போவோ வால்வு சீலோ ஆயிலைக் கசியவிட்டால் சைலன்சரில் அப்போதுதான் நீலப் புகை வரும். எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் சிலிண்டருக்குள் இறங்கினால் வெண்புகை இனிப்பு வாசத்தோடு வந்து, நெடுநேரம் அடங்காமல் நிற்கும்.

அடுத்து, காரின் கணினிகளில் பதிந்திருப்பதைப் படிக்கும் ஸ்கேனர். மீட்டரில் தெரியும் 48,000 என்ற எண்ணை மாற்றுவது இன்று கடினமான காரியமில்லை. ஆனால் கியர்பாக்ஸ், சாவி என்று காரின் பல பாகங்கள் தத்தமது கணக்கில் கிலோமீட்டரைப் பதிந்து வைத்திருக்கும். அவற்றை ஒவ்வொன்றாகப் படித்து ஒப்பிடத் தெரிந்தவரை அழைத்துச் செல்லுங்கள். சேஸிஸ் எண்ணைக் கொடுத்து, அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் உள்ள பழைய சர்வீஸ் விவரங்களைக் கேட்டுப் பெறும்படி உரிமையாளரிடமே சொல்லுங்கள். அதைத் தர மறுக்கிறவரிடம் மேற்கொண்டு எதுவும் கேட்க வேண்டியதில்லை. வலுவை இன்னும் கூட்டுவதற்காக எஞ்சின் கணினியின் மென்பொருளை மாற்றி எழுதியிருக்கிறார்களா, அதாவது ரீமேப் செய்திருக்கிறார்களா, என்பதையும் கேளுங்கள். செய்துவிட்டுப் பழையபடி மாற்றி வைத்திருந்தாலும், எத்தனை முறை எழுதப்பட்டது என்ற கணக்கு பல கார்களில் அழியாமல் இருக்கும். ரீமேப் செய்த காரை வாங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. மறைத்து விற்கிறவரிடம் வாங்காதீர்கள் என்கிறேன்.

ஓட்டிப் பார்ப்பதற்கு நகரத் தெருக்கள் பயன்படாது. காவல்கிணறு தாண்டிய நால்வழிச் சாலைக்குக் கொண்டு போய், எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு, நூறில் போகும்போது பிரேக்கைச் சீராக அழுத்துங்கள். ஸ்டியரிங் உதறினால் முன் டிஸ்க்குகள் சமமாக இல்லை. டிஸ்க்கின் விளிம்பில் குறைந்தபட்சத் தடிமன் எண்ணாகப் பொறிக்கப்பட்டிருக்கும். வெர்னியர் வைத்து அளந்தால் இன்னும் எவ்வளவு மிச்சம் என்பது அங்கேயே தெரிந்துவிடும். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 2321 என்றால் 2021-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். பட்டன் எவ்வளவு இருந்தாலும், ஆறு ஆண்டுகளைக் கடந்த டயரை இத்தகைய வேகம் உள்ள காரில் நான் நம்புவதில்லை.

கேள்வி: திருவனந்தபுரத்தில் கேரளப் பதிவெண் கொண்ட ஆடி கார் ஒன்றைப் பேசி முடித்திருக்கிறேன். களியக்காவிளை தாண்டினால் கேரளா என்பதால் பதிவெண்ணை மாற்றாமலே ஓட்டலாம், பலரும் அப்படித்தான் ஓட்டுகிறார்கள் என்று புரோக்கர் சொல்கிறார். சரிதானா?
– வாசகர், மார்த்தாண்டம்

பதில்: சரியல்ல. வேறு மாநிலப் பதிவுள்ள வாகனத்தை 12 மாதங்களுக்கு மேல் இங்கே வைத்திருந்தால் புதிய பதிவெண் பெற வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-ஆவது பிரிவு. அதைவிட முக்கியம், பெயர் மாற்றம். வாங்கியவர் 30 நாட்களுக்குள் உரிமை மாற்றத்தைத் தெரிவிக்க வேண்டும். அது நடக்காதவரை அந்தக் கார் சட்டப்படி முந்தைய உரிமையாளருடையது. நாளை ஒரு விபத்து நேர்ந்தால் இழப்பீட்டுச் சிக்கலில் அவரும் நீங்களும் சேர்ந்தே மாட்டிக்கொள்வீர்கள்.

கேரள ஆர்.டி.ஓ. அலுவலகத்திலிருந்து படிவம் 28-இல் தடையில்லாச் சான்று, உரிமை மாற்றத்துக்கு 29, 30 படிவங்கள், புதிய பதிவெண்ணுக்குப் படிவம் 27, கடன் இருந்து தீர்ந்திருந்தால் வங்கிக் கடிதத்தோடு படிவம் 35. இவ்வளவும் கைக்கு வரும்வரை முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள். அதன் பிறகு தமிழ்நாட்டு வரி. காரின் விலையையும் வயதையும் வைத்து அது கணக்கிடப்படும். இங்கே 20 லட்சத்துக்கு மேற்பட்ட புதுக் கார்களுக்கு வாழ்நாள் வரி விலையில் 20 விழுக்காடு என்பதை நினைவில் வைத்தால், சில ஆண்டுகள் பழைய காருக்கும் அது சிறு தொகையாக இருக்காது என்பது புரியும். மார்த்தாண்டம் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சேஸிஸ் விவரத்தைக் காட்டி, தோராயமான தொகையைக் கேட்டுக்கொண்ட பிறகே பேரத்தை முடியுங்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் இரண்டு லட்சம் மலிவாகத் தெரிந்த கார், வரி கட்டி முடிந்ததும் இந்தப் பக்கத்துக் காரைவிட விலை கூடியதாக ஆனதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

தில்லியிலிருந்து வரும் டீசல் சொகுசுக் கார்களைப் பற்றியும் சிலர் கேட்டிருந்தார்கள். அங்கே பத்து ஆண்டு கடந்த டீசல் வாகனங்களுக்கு வந்த தடைதான் அந்த விலைச் சரிவுக்கு முதற்காரணம். கார் நல்லதாகவே இருக்கலாம். ஆனால் தடையில்லாச் சான்று உண்மையிலேயே வழங்கப்பட்டிருக்கிறதா என்பதை மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் நீங்களே பார்த்து உறுதி செய்த பிறகே முன்பணம் கொடுங்கள்.

கேள்வி: நல்ல விலைக்கு மெர்சிடிஸ் ஏ.எம்.ஜி. கார் ஒன்று வருகிறது. உள்ளே சீட் உறை, தரை விரிப்பு எல்லாம் புதிதாக மாற்றியிருக்கிறார்கள். பார்க்கப் புத்தம் புதிதாக இருக்கிறது. இது நல்ல அறிகுறிதானே?
– வாசகர், தக்கலை

பதில்: எனக்கு இது கவலை தரும் அறிகுறி. ஐந்தாறு ஆண்டு ஓடிய காரில் தோல் உறை சற்றுச் சுருங்கியிருப்பதுதான் இயல்பு. தரை விரிப்பைக் காரணமில்லாமல் யாரும் மாற்றுவதில்லை. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில், 2018 ஆகஸ்டில் கேரளத்தில், 2021 நவம்பரில் நம் மாவட்டத்திலேயே, எத்தனையோ கார்கள் தண்ணீரில் நின்றன. அவற்றில் எல்லாமே உடைப்புக்குப் போய்விடவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன், நண்பர் ஒருவருக்காக இதே போன்ற ஒரு காரைப் பார்க்கச் சென்றேன். பெயின்ட் அளவுமானி கதவுக்குக் கதவு 110, 120 மைக்ரான் என்று காட்டியது. எங்கும் தகரவேலை இல்லை. எஞ்சின் சத்தம் பிசிறில்லாமல் இருந்தது. உள்ளே எலுமிச்சை மணக்கும் வாசனைத் திரவியம், அளவுக்குச் சற்று அதிகமாகவே. கிளம்பும் நேரத்தில் ஓட்டுநர் இருக்கையின் சீட் பெல்ட்டைப் பிடித்து, அது நிற்கும்வரை முழு நீளத்துக்கும் இழுத்தேன். நாம் அன்றாடம் இழுக்கிற நீளம் துடைத்துச் சுத்தமாக இருந்தது. அதற்கும் கீழே, உருளைக்குள் எப்போதும் சுற்றியே கிடக்கும் கடைசி இரண்டு சாணில், நாடாவின் குறுக்கே காப்பி நிறத்தில் ஒரு கோடு. அதற்குக் கீழே விரலால் தேய்த்தால் மாவு போல வண்டல் ஒட்டியது. தண்ணீர் நின்ற உயரம் அந்தக் கோட்டில் இருந்தது. விற்பவர் அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. நண்பர் கொடுத்திருந்த முன்பணத்தைத் திரும்பப் பெற நான்கு மாதம் அலைய வேண்டியிருந்தது.

நீங்களும் அந்த நாடாவை இழுத்துப் பாருங்கள். இருக்கைகளுக்கு அடியில் தண்டவாளத்தைப் பிடித்திருக்கும் திருகுகளில் துரு இருக்கிறதா, டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் பள்ளத்தின் மூலைகளில் மண் படிந்திருக்கிறதா, முகப்பு விளக்கின் கண்ணாடிக்குள் நீர்க்கோடு தெரிகிறதா என்று டார்ச் அடித்துத் தேடுங்கள். இத்தகைய கார்களில் கணினிப் பெட்டிகள் தரை விரிப்பின் கீழும் இருக்கையின் கீழும் உட்கார்ந்திருக்கும். ஒருமுறை நனைந்த மின்முனை உடனே கெடாது; எட்டு மாதம், பத்து மாதம் கழித்துப் பச்சை பூத்து, ஒரு நாள் ஏர்பேக் விளக்கு, மறுநாள் கியர் எச்சரிக்கை என்று ஒவ்வொன்றாகத் தொடங்கும். அந்தக் கோளாறுகளுக்கு முடிவே இருக்காது. விலை எவ்வளவு இறங்கினாலும் வெள்ளத்தில் நின்ற சொகுசுக் காரை வாங்காதீர்கள் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்தில்லை.

கேள்வி: சாதாரணப் பெட்ரோல் போடலாமா?
– வாசகர், குழித்துறை

பதில்: பெட்ரோல் மூடியின் உட்புறத்தில் எந்த ஆக்டேன் (பெட்ரோல் முன்கூட்டியே வெடிக்காமல் தாங்கும் திறனைக் காட்டும் எண்) வேண்டும் என்று எழுதியிருக்கும், அதைப் பின்பற்றுங்கள். நம் பங்க்குகளில் சாதாரணப் பெட்ரோல் சில ஆண்டுகளுக்கு முன்வரை 91 ஆக்டேனாக இருந்தது; இப்போது எவ்வளவு என்பதைப் பங்க்கிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். பல அதிவேகக் கார்கள் கேட்பது 95-ம் அதற்கு மேலும். குறைந்ததைப் போட்டால் எஞ்சின் உடனே கெட்டுவிடாது. பெட்ரோல் முன்கூட்டியே வெடிப்பதை நாக் சென்சார் உணர்ந்ததும், எஞ்சின் தீப்பொறியைத் தாமதப்படுத்தித் தன்னைக் காத்துக்கொள்ளும். ஆனால் நீங்கள் பணம் கொடுத்து வாங்கிய வலுவில் ஒரு பகுதி கிடைக்காது. நம் பக்கத்தில் எந்தப் பங்க்கில் 95 தொடர்ந்து கிடைக்கிறது என்பதைக் காரை வாங்கும் முன்பே விசாரித்து வையுங்கள்.

கேள்வி: பத்து சிலிண்டர் எஞ்சின் உள்ள பழைய பி.எம்.டபிள்யூ. எம்5 ஒன்றை நம்ப முடியாத விலைக்குச் சொல்கிறார்கள். சிறு வயதிலிருந்தே அந்தக் காரின் மேல் ஆசை. ஆலோசனை கூறுங்கள்.
– வாசகர், திங்கள்சந்தை

பதில்: தங்கள் ஆசை எனக்கு நன்றாகப் புரிகிறது. 5 லிட்டர், பத்து சிலிண்டர், 507 குதிரைத்திறன், எட்டாயிரம் சுற்றுகளையும் தாண்டிப் பாடும் எஞ்சின். அந்த ஒலியை நேரில் கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள். ஆனால் 2005 முதல் 2010 வரை வந்த அந்தத் தலைமுறைக்கு ஒரு தெரிந்த பலவீனம் உண்டு. பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடுகளின் பேரிங்குகள் முன்கூட்டியே தேய்ந்துவிடும். தேய்மானம் எல்லை மீறினால் எஞ்சினே போய்விடும். பேரிங் எப்போது மாற்றப்பட்டது என்பதற்கு ரசீது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மாற்றும் செலவைக் காரின் விலையோடு சேர்த்தே கணக்கிடுங்கள். கிளட்ச் மிதி இல்லாமல் கியர் மாற்றும் அதன் எஸ்.எம்.ஜி. கியர்பாக்ஸின் ஹைட்ராலிக் பம்ப்பும் செலவு வைக்கும். 10டபிள்யூ-60 ஆயில் தவிர வேறு ஊற்றக் கூடாது. எஞ்சின் சூடேறும்வரை ஆக்சிலேட்டரை மிதிக்கக் கூடாது. வீட்டில் அன்றாடத்துக்கு வேறு கார் இருந்து, இதை வாரத்தில் ஒரு நாள் மட்டும் எடுப்பதாக இருந்தால் யோசிக்கலாம். இதுவே ஒரே காராக இருக்கும் என்றால், தயவுசெய்து வேண்டாம்.

கேள்வி: கியர் ஆயில் ஆயுட்காலத்துக்கும் மாற்ற வேண்டியதில்லை என்று கம்பெனிக் கையேட்டில் இருக்கிறது. உள்ளூர் மெக்கானிக் மாற்றச் சொல்கிறார். யாரை நம்புவது? சர்வீஸுக்கு ஒவ்வொரு முறையும் திருவனந்தபுரம் போகத்தான் வேண்டுமா?
– வாசகர், இரணியல்

பதில்: கியர் ஆயில் விஷயத்தில் உங்கள் மெக்கானிக் சொல்வதே சரி. இந்த வகைக் கார்கள் பலவற்றில் இருக்கும் எட்டு வேக ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸைச் செய்யும் ஜெர்மானிய நிறுவனமான இசட்.எஃப்., 80,000 முதல் 120,000 கிலோமீட்டருக்குள் ஆயிலை மாற்றும்படி கூறுகிறது. அதன் ஆயில் தட்டும் ஃபில்டரும் ஒரே துண்டு. இரண்டும் சேர்ந்தே மாறும். அளவைச் சரிபார்க்க, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கையில் ஆயில் குறிப்பிட்ட வெப்ப எல்லைக்குள் இருக்க வேண்டும். அதை ஸ்கேனரில் பார்த்துக்கொண்டே ஊற்றத் தெரியாதவரிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

எஞ்சின் ஆயிலுக்குக் கார் சொல்லும் தவணை நீண்டதாக இருந்தாலும், ஆண்டுக்கு ஒருமுறை அல்லது 8,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை, எது முந்துகிறதோ அப்போது, கையேட்டில் சொன்ன தரத்திலேயே மாற்றிவிடுங்கள். பிரேக் ஆயிலுக்கு இரண்டு ஆண்டுதான் கணக்கு. அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. ஈரம் ஏறிய ஆயில், மலைப்பாதையில் இறங்கும்போது கொதித்து, பிரேக் மிதியைப் பஞ்சாக்கிவிடும். ஆண்டில் இரண்டு பருவமழை பெய்யும் நம் மாவட்டத்தில் இதை ஒத்திப்போடவே கூடாது. கூலன்ட் செல்லும் பிளாஸ்டிக் குழாய்கள், இணைப்புகள், தொட்டி ஆகியவை வெப்பத்தில் முறுகி, முன்னறிவிப்பில்லாமல் உடையும். எண்பதாயிரம் கிலோமீட்டர் தாண்டிய காரில் அவற்றை உடையும் முன்பே மாற்றிவிடுவதுதான் மலிவு.

திருவனந்தபுரம் எழுபது கிலோமீட்டருக்குள்தான். கம்பெனி உத்தரவாதம் மிச்சமிருந்தால் அங்கேயே போங்கள். மற்றபடி டயர், பிரேக் பேட், ஆயில், சஸ்பென்ஷன் புஷ் போன்றவற்றை, தக்க ஸ்கேனரும், போல்ட்டுகளைச் சரியான அளவில் முறுக்கும் டார்க் ஸ்பேனரும் வைத்திருக்கும் நல்ல உள்ளூர்ப் பட்டறையில் செய்யலாம். பேட்டரியை மட்டும் சாதாரணமாக எண்ண வேண்டாம். புதிய பேட்டரி போட்டதும் அதைக் கணினியில் பதிவு செய்ய வேண்டிய கார்கள் உண்டு. பதியாமல் விட்டால் பழைய பேட்டரிக்குக் கொடுத்த அளவிலேயே சார்ஜ் ஏற்றிப் புதியதையும் விரைவில் கெடுத்துவிடும்.

காப்பீட்டில் எஞ்சின் பாதுகாப்பு என்ற கூடுதல் பிரிவைக் கட்டாயம் சேருங்கள். தாழ்வான கார்களில் காற்று உறிஞ்சும் வாய் தாழவே இருக்கும். மழைநீர் தேங்கிய சாலையில் வேகமாக இறங்கி, ஒரு குவளைத் தண்ணீர் சிலிண்டருக்குள் போனாலும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். நின்றுவிட்ட எஞ்சினைத் தண்ணீருக்குள் வைத்து மறுபடி ஸ்டார்ட் செய்யவே கூடாது; பிளாட்பெட் வண்டி வரவழைத்து ஏற்றுங்கள்.

கேள்வி: என் கணவர் மஸ்கட்டில் வேலை செய்கிறார். போன விடுமுறையில் ஆசையாக வாங்கிய கார் பத்து மாதமாக வீட்டில் நிற்கிறது. கடற்கரைக்கு அரைக் கிலோமீட்டரில் எங்கள் வீடு. கொழுந்தன் வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வைக்கிறார். இது போதுமா? கார் கெட்டுவிடுமோ என்று பயமாக இருக்கிறது.
– வாசகி, குளச்சல்

பதில்: சகோதரி, உங்கள் கொழுந்தன் அக்கறையோடுதான் செய்கிறார், ஆனால் அந்த ஐந்து நிமிடம் நன்மையைவிடத் தீமையே செய்யும். எஞ்சின் சூடேறும் முன்பே அணைத்துவிடுவதால் உள்ளே வியர்க்கும் நீர் ஆவியாகாமல் ஆயிலிலும் சைலன்சரிலும் தங்கிவிடும். ஸ்டார்ட் செய்யச் செலவான பேட்டரி திரும்ப நிரம்புவதுமில்லை. பதினைந்து நாளுக்கு ஒருமுறை, மழையில்லாத நாளில், திங்கள்சந்தை வரையிலாவது அரை மணி நேரம் ஓட்டி வரச் சொல்லுங்கள். முதல் பத்து நிமிடம் மெதுவாகவே போக வேண்டும். ஆயில் சூடாகும்வரை வேகம் வேண்டாம். ஓட்டம் முடிந்ததும் குழாய்த் தண்ணீரைக் காரின் அடிப்பக்கத்திலும் சக்கர வளைவுகளுக்குள்ளும் நன்றாகப் பீய்ச்ச வேண்டும். உப்புக்காற்றின் வேலை அங்கேதான் நடக்கும். மேலே பளபளப்பாக இருக்கும் காரின் அடியில் பிரேக் குழாயும் சஸ்பென்ஷன் போல்ட்டும் அரித்துப் போயிருப்பதைக் கடலோர வீடுகளிலிருந்து வரும் கார்களில் அடிக்கடி பார்க்கிறேன். கழுவிய பிறகு ஈரத்தோடு நிறுத்தாமல், இரண்டு தெரு சுற்றி, நான்கைந்து முறை பிரேக் பிடித்து டிஸ்க்கை உலர்த்திய பின் நிறுத்தட்டும். டிஸ்க்கில் செம்பழுப்பாக மெல்லிய துரு படிவது இயல்புதான், முதல் பிரேக்கிலேயே போய்விடும். விரல் நகத்தில் தட்டுப்படும் குழிகள் விழுந்தால்தான் பட்டறைக்குக் கொண்டு போக வேண்டும்.

ஓட்ட முடியாத வாரங்களுக்கு, பேட்டரியைச் சார்ஜில் வைத்திருக்கும் சிறு கருவி ஒன்றை வாங்கிவிடுங்கள். ஹேண்ட்பிரேக் போட்டு மாதக்கணக்கில் நிறுத்தாமல் சக்கரத்துக்கு மரக்கட்டை வையுங்கள். தொட்டியை நிரப்பியே வைத்தால் நல்லது. எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல் காற்றின் ஈரத்தை இழுக்கும், காலியிடம் குறைந்தால் ஈரமும் குறையும். பிளாஸ்டிக் உறை போட்டு மூட வேண்டாம். காற்றுப் போகும் துணியுறை போதும். தென்னை மரத்தடியில் நிறுத்தக் கூடாது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பானட்டைத் திறந்து எலி வந்த தடயம் இருக்கிறதா என்று மாதம் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். ஒரு வயரைக் கடித்தாலும் முழுத் தொகுதியையும் மாற்ற வேண்டிய கார் இது.

ஓட்டிய தேதி, கிலோமீட்டர், டயர்க் காற்று ஆகிய மூன்றையும் வீட்டு நாட்காட்டியிலேயே கொழுந்தன் எழுதி வைக்கட்டும். மாதம் முடிந்ததும் அந்தத் தாளைப் படமெடுத்து மஸ்கட்டுக்கு அனுப்பிவிடுங்கள். கவனிக்க வேண்டியது ஏதேனும் இருந்தால் உங்கள் கணவரே அங்கிருந்து சொல்லிவிடுவார்.